வெட்டுக்கோடு வரைந்து பார்க்கும் பெண்ணை என்ன படிக்க வைப்பது?

"கணக்கில் மதிப்பெண் போச்சு. இனி கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா?" என்று கேட்டபடியே ஒரு தந்தை மகளின் விடைத்தாளை என் முன்னால் வைத்தார். கிடைக்கும், பயப்படாதீர்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். தாளைப் பார்த்ததும் வேறு பேச வேண்டியதாயிற்று.

எக்ஸ் வர்க்கம் கழித்தல் 4 எக்ஸ் கூட்டல் 1 என்ற இருபடிச் சார்பு. எக்ஸ் 1 ஆகவும் 5 ஆகவும் உள்ள இரு புள்ளிகள் வழியே போகும் வெட்டுக்கோட்டின் சாய்வு கேட்டிருந்தார்கள். மதிப்புகள் −2, 6, வித்தியாசம் 8, அதை 4ஆல் வகுத்தால் 2. இதுதான் வகுப்பில் சொல்லித்தரும் வழி. இவள் 1ஐயும் 5ஐயும் கூட்டி, 4ஐக் கழித்து, ஒரே வரியில் 2 என்று முடித்துவிட்டாள். வழிமுறை இல்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள்.

ஆனால் அவள் செய்தது சரி. இரு வர்க்கங்களின் வித்தியாசத்தை அந்த எண்களின் வித்தியாசத்தால் வகுத்தால் மிஞ்சுவது அவற்றின் கூட்டுத்தொகை. −4 எக்ஸிலிருந்து −4 மட்டும் நிற்கும், மாறிலி 1 அடிபட்டுப் போகும். தாளின் ஓரத்தில் இன்னொன்றும் இருந்தது: நடுவில், 3இல், வளைவைத் தொட்டுச் செல்லும் தொடுகோட்டின் சாய்வும் 2. எந்த இருபடிச் சார்புக்கும் இது பொருந்தும். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "கிராஃப் தாளில் வரைந்து வரைந்து பார்த்தேன்" என்றாள். கம்ப்யூட்டர் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அது முழுக்கச் சித்தப்பாவின் யோசனை.

ஐயா, எல்லோரும் போகும் படிப்புகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல ஆள் இருக்கிறது. நான் நில அளவைப் பொறியியலைப் பற்றிச் சொல்கிறேன். சாலை ஒன்று 3 சதவீதம் (100 மீட்டருக்கு 3 மீட்டர்) ஏறி, பிறகு 2 சதவீதம் இறங்குகிறது என்று வையுங்கள். இரண்டையும் அப்படியே ஒட்டினால் உச்சியில் வண்டி குலுங்கும், எதிரே வருவதும் தெரியாது. அதனால் இடையில் ஒரு பரவளையத்தை, அதாவது இருபடிச் சார்பின் வளைவை, பொருத்துகிறார்கள். அது 200 மீட்டர் நீளம் என்றால், 40ஆவது மீட்டரில் ஏற்றம் 2 சதவீதம், 80இல் 1 சதவீதம். இந்த இரண்டு இடங்களையும் இணைக்கும் வெட்டுக்கோட்டின் சாய்வு 1.5 சதவீதம். நடுவே 60ஆவது மீட்டரில் சாலையின் சாய்வும் அதேதான். அந்த 40 மீட்டரில் சாலை 60 சென்டிமீட்டர் உயர வேண்டும். களத்தில் அதைக் குறித்துக் கொடுப்பவர் சர்வேயர். உங்கள் மகள் விடைத்தாளின் ஓரத்தில் எழுதியது இந்தக் கணக்கைத்தான்.

கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன், ட்ரோன், செயற்கைக்கோள் அளவீடு என்று கருவிகள் மாறிவிட்டன. களத்தில் பாதி வேலை, திரைமுன் பாதி வேலை. காஸ் போன்ற கணித மேதையே 1820களில் இன்றைய ஜெர்மனியில் இருந்த ஹனோவர் நாட்டை அளக்கக் காடு மேடெல்லாம் அலைந்திருக்கிறார். வெயில் உண்டு, வெளியூர்த் தங்கல் உண்டு. அதை மறைக்க மாட்டேன். ஒரு நாள் அளவைக் குழுவோடு அவளை அனுப்பிப் பாருங்கள். சேரும் முன், அந்தப் பட்டம் சர்வேயர் உரிமம் பெறச் செல்லுமா என்று கட்டாயம் விசாரியுங்கள்.

அப்புறம் பணம். கம்ப்யூட்டர் சீட்டுக்காக வீட்டை அடகு வைக்கப் போவதாகச் சொன்னீர்கள். வேண்டாம். அவள் கேட்காத படிப்புக்கு நீங்கள் கடன்படுவதும், அந்தக் கடனுக்காகவே அவள் அதைப் படித்து முடிப்பதும் நடக்கக் கூடாது. சித்தப்பாவை அழைத்து வாருங்கள், நானே பேசுகிறேன். வரும்போது அந்தக் கிராஃப் தாள்களையும் அவள் எடுத்து வரட்டும்.