பிஎச்பியில் பெரிய படம் ஏற்றினால் மட்டும் ஃபார்ம் முழுக்கக் காலியாக வருவது ஏன்?

சின்னப் படம் ஒழுங்காக ஏறுகிறது. ஃபோனில் எடுத்த பெரிய படத்தைப் போட்டால் மட்டும் டைப் செய்த தலைப்புகூடக் காலி, பிழைச் செய்தியும் இல்லை என்கிறீர்கள். அந்தத் தலைப்பும் சேர்ந்து காணாமல் போவதுதான் துப்பு. ஃபார்மில் என்க்டைப் (ஃபைலை அனுப்பத் தேவையான ஃபார்ம் குறிப்பு) விட்டுப்போயிருந்தால் தலைப்பாவது வந்துசேரும், சின்னப் படமும் ஏறாது.

பிஎச்பியில் இரண்டு வரம்புகள் உண்டு. அப்லோட்_மேக்ஸ்_ஃபைல்சைஸ் ஒரு ஃபைலுக்கு. மாற்றாமல் விட்டால் 2 எம்பி. போஸ்ட்_மேக்ஸ்_சைஸ் மொத்த ஃபார்முக்கும். அது 8 எம்பி. முதலாவதை மட்டும் தாண்டினால், ஏறிய ஃபைல்களின் விவரம் இருக்கும் ஃபைல்ஸ் அரேயில் எரர் எண் 1 என்று மரியாதையாகச் சொல்லிவிடும். இரண்டாவதைத் தாண்டினால், டைப் செய்தவை இருக்கும் போஸ்ட், ஃபைல்ஸ் இரண்டுமே வெறும் அரே. எரர் எண்ணைப் பார்க்க நீங்கள் எழுதிய வரிக்குப் பார்க்க ஒன்றுமே இருக்காது. எரர் லாகைத் திறந்து 8388608 என்று தேடுங்கள். அது அந்த 8 எம்பிதான், பைட்டில். இத்தனை பைட் வந்தது, வரம்பைத் தாண்டிவிட்டது என்று ஒரு வார்னிங் கிடக்கும்.

ஸ்கிரிப்ட்டுக்குள் இனி_செட் (அமைப்பை மாற்றும் ஃபங்ஷன்) போட்டுப் பயனில்லை. உங்கள் முதல் வரி ஓடுவதற்குள் அப்லோட் கதை முடிந்திருக்கும். பிஎச்பியின் அமைப்பு ஃபைலான பிஎச்பி.இனியில் இரண்டு வரம்பையும் ஏற்றுங்கள், போஸ்ட் வரம்பு பெரியதாக இருக்கட்டும். அப்புறம் வெப் சர்வரான அப்பாச்சியையோ, பிஎச்பியை ஓட்டும் எஃப்பிஎம்மையோ ரீஸ்டார்ட் செய்யுங்கள். பலர் சிக்குவது இங்கேதான்: டெர்மினலில் பிஎச்பி காட்டும் பிஎச்பி.இனி ஃபைல் வேறு, வெப் சர்வர் படிப்பது வேறாக இருக்கும். எந்த ஃபைல் என்று காட்டும் பிஎச்பிஇன்ஃபோவை பிரவுசரிலேயே ஓட்டிப் பாருங்கள். பார்த்த கையோடு அந்தப் பக்கத்தை அழித்துவிடுங்கள். ஷேர்டு ஹோஸ்டிங்கில் உங்கள் ஃபோல்டரில் வைக்கும் .யூசர்.இனி வழியாக மாற்றினால் உடனே தெரியாது. 300 வினாடி கேஷில் இருக்கும்.

பிஎச்பிக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் இருந்தால் அதற்குத் தனியாக, மாற்றாமல் விட்டால் 1 எம்பி வரம்பு. ஆனால் அது 413 என்ற பிழை எண்ணை வாய்விட்டுச் சொல்லும், உங்களுடையது அதுவல்ல.

வரம்பை எவ்வளவு ஏற்றினாலும் யாராவது தாண்டத்தான் செய்வார்கள். அதனால் ஸ்கிரிப்ட்டின் தலையில் ஒரு சோதனை வையுங்கள்: ரிக்வெஸ்ட் வகை போஸ்ட், கன்டென்ட் லென்த் (வந்த அளவு) பூஜ்யத்துக்கு மேல், ஆனால் போஸ்ட், ஃபைல்ஸ் அரே இரண்டும் காலி என்றால் 'படம் மிகப் பெரியது' என்று காட்டிவிடலாம்.

எரர் எண் 0 (பிழை இல்லை) வந்தும் ஃபைல் போய்ச் சேரவில்லையா? அது அனேகமாக ஃபோல்டர் பெர்மிஷன். 777 (யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற பெர்மிஷன்) போடச் சொல்வார்கள், போடாதீர்கள். உபுண்டுவில் பெரும்பாலும் ஃபோல்டரை, வெப் சர்வர் ஓடும் யூசரான டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா பெயருக்கு மாற்றினாலே போதும்.