பார்க் ஹோம் வளாகத்தைக் குடியிருப்போரே வாங்குவது: கேள்வி பதில்

பார்க் ஹோம் என்பது ஒரு வளாகத்தில் நிறுத்தி நிரந்தரமாகக் குடியிருக்கும், நகர்த்தக்கூடிய வகை வீடு. இங்கிலாந்தில் சுமார் 2,000 பார்க் ஹோம் வளாகங்கள் உள்ளன. வீடு குடியிருப்பவருக்குச் சொந்தம். அது நிற்கும் மண் வளாக உரிமையாளருக்குச் சொந்தம்; அதற்குக் குடியிருப்பவர் மாதாமாதம் பிட்ச் கட்டணம் என்ற நிலவாடகை கட்டுகிறார். நான் வசிக்கும் வளாகத்தை நாங்களே ஒரு கம்பெனி அமைத்து வாங்கினோம்; அதன் பொருளாளராக இருந்த அனுபவத்தைக் கொண்டு இங்கே பதில் சொல்கிறேன்.

கென்ட் வாசகர்: எங்கள் உரிமையாளர் வளாகத்தை விற்கப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. முதலில் எங்களிடம்தானே கேட்க வேண்டும்?

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அடுக்ககங்களில் குடியிருப்போருக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டம் தரும் முன்வாங்கும் உரிமை பார்க் ஹோம்களுக்குப் பொருந்தாது. ஊர்ப் பொதுப்பயன் சொத்தாகப் பதிந்து விற்பனையைச் சில மாதங்கள் தள்ளிவைக்க 2011ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் இடமளித்தாலும், பார்க் ஹோம் வளாகம்போல் கேரவன் உரிமம் தேவைப்படும் நிலத்தை 2012 விதிமுறைகள் அதிலிருந்து விலக்கிவிட்டன. ஆகவே உங்களுக்கு முன்னுரிமை வேண்டுமானால், உரிமையாளர் நல்ல மனநிலையில் இருக்கும்போதே அதை ஒப்பந்தமாக எழுதி வாங்க வேண்டும். அந்த ஒப்பந்தத்தை நிலப் பதிவேட்டிலும் ஏற்ற வேண்டும். பதிவேட்டில் ஏறாத வாக்குறுதியை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

டெவன் வாசகர்: எங்கிருந்து தொடங்குவது?

கேட்கும் சிறு கட்டணத்தைச் செலுத்தி, வளாகத்தின் நிலப் பதிவேட்டு நகலை முதலில் வாங்குங்கள். உரிமையாளர் நிலத்தின் முழு உரிமை உடையவரா, குத்தகைதாரரா, அடமானம் உண்டா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். பிறகு திட்ட அனுமதி நிரந்தரமானதா, காலவரம்புள்ளதா என்று கவுன்சிலில் பாருங்கள். இவ்விரண்டும் தெரியாமல் எவரிடமும் ஒரு பவுண்டுகூட வசூலிக்க வேண்டாம்.

அதன்பின் குடியிருப்போர் சங்கம். வளாகத்து வீடுகளில் குறைந்தது பாதி சேர்ந்திருந்து, வீட்டுக்கு ஒருவர் என்ற கணக்கில் உறுப்பினர் அமைந்து, உரிமையாளரும் அவருடைய ஊழியர்களும் அதில் இல்லாதிருந்தால், அதைத் தகுதிபெற்ற சங்கமாக ஏற்கும்படி கேட்கலாம். அவர் மறுத்தால் தீர்ப்பாயம் செல்லலாம். ஆனால் சங்கம் நிலம் வாங்காது. அதற்குத் தனியாகக் கம்பெனியோ கூட்டுறவு அமைப்போ வேண்டும். உரிமம், மேலாளரின் தகுதிச் சோதனை, சாக்கடை, சாலை விளக்கு என எல்லாப் பொறுப்பும் வாங்கிய நாள் முதல் அதன் தலையில் விழும்.

எசெக்ஸ் வாசகர்: வாங்கினால் பிட்ச் கட்டணம் குறையுமா?

முதல் ஆண்டுகளில் குறையாது. வளாகம் வாங்கிய கடனின் தவணை அதிலிருந்தும் போக வேண்டும்.

நார்ஃபோக் வாசகர்: எல்லாரும் சேர மாட்டார்கள். சேராதவர்கள் கதி என்ன?

அவர்களுக்கு எந்த இழப்பும் இல்லை. 1983ஆம் ஆண்டு மொபைல் ஹோம்ஸ் சட்டப்படி அவர்களுடைய ஒப்பந்தம் நிலத்தின் புதிய உரிமையாளரையும் கட்டுப்படுத்தும். இனி அந்த உரிமையாளர் உங்கள் கம்பெனி, அவ்வளவுதான். அவர்களை மிரட்டியோ வெட்கப்படுத்தியோ சேர்க்க முயலாதீர்கள்.

சர்ரே வாசகர்: அமெரிக்காவில் இது சாதாரணமாக நடக்கிறதாமே?

நியூ ஹாம்ப்ஷையரில் 1984இல் மெரிடித் என்ற ஊரின் சிறு வளாகம் ஒன்றைக் குடியிருந்தவர்களே கூட்டுறவாக வாங்கினார்கள். அங்குள்ள சமூகக் கடன் நிதி அமைப்பு அவர்களுக்குக் கடன் தந்தது. இன்று அந்த ஒரு மாநிலத்திலேயே இத்தகைய கூட்டுறவுகள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. வளாகத்தை விற்பதற்கு 60 நாள் முன்பே குடியிருப்போருக்கு அறிவிக்க வேண்டும் என்று அங்கே சட்டம் உண்டு. அறிவிப்பும் கடன் தரும் அமைப்பும் சேர்ந்திருப்பதே அந்த வளர்ச்சிக்குக் காரணம். இங்கே இரண்டில் ஒன்றாவது சட்டமாக வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

டோர்செட் வாசகர்: வீட்டை விற்கும்போது வளாக உரிமையாளர் 10 சதவீதக் கமிஷன் பிடுங்கும் கொடுமையை எதிர்த்துத்தான் நாங்கள் வாங்கவே நினைக்கிறோம். வாங்கிய மறுநாளே அதை ஒழித்துவிடலாம் அல்லவா?

ஒழிக்கலாம், சட்டம் உச்சவரம்பை மட்டுமே சொல்கிறது. ஆனால் செய்யாதீர்கள். வளாகத்தின் விலையை மதிப்பீட்டாளர் கணக்கிடும்போது, எதிர்காலத்தில் வரவிருக்கும் கமிஷனையும் சேர்த்தே கணக்கிடுகிறார். அந்த வருமானத்துக்கும் கடன் வாங்கி விலை கொடுத்துவிட்டு, பிறகு அதைத் துறந்தால் தவணையை எதைக்கொண்டு கட்டுவீர்கள்? 1,50,000 பவுண்டு வீட்டுக்கு 15,000 கமிஷன்; ஆண்டுக்கு இரண்டு வீடு கைமாறினாலே 30,000.

டோர்செட் வாசகர் மீண்டும்: அப்படியானால் பழைய உரிமையாளருக்கும் உங்களுக்கும் என்ன வேறுபாடு?

அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்பதே வேறுபாடு. அங்கே ஒருவருடைய இலாபம். இங்கே கடன் தவணையும் குழாய் மாற்றும் நிதியும்.

ஹாம்ப்ஷையர் வாசகர்: நான் டோர்செட் நண்பர் பக்கம். முதல் ஆண்டிலேயே விற்றுப் போகும் விதவை முழுக் கமிஷன் கட்டுவாள். கடன் தீர்ந்து கமிஷனும் நின்றபின், பத்தாண்டு கழித்து விற்பவர் ஒன்றும் கட்ட மாட்டார். இது நியாயமா?

இந்த வாதத்தை நான் ஏற்கிறேன். எங்கள் கூட்டத்திலும் அதுதான் எங்களை இரவு பதினொரு மணிவரை உட்காரவைத்தது. ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. கமிஷன், வீட்டை விற்ற பணத்திலிருந்து ஒரே ஒருமுறை போவது. பிட்ச் கட்டணமோ மாதாமாதம் ஓய்வூதியத்திலிருந்து போவது. கமிஷனை நீக்கினால் பாரம் கட்டணத்தின் மீது ஏறும். உங்கள் விதவை அங்கேயே தொடர்ந்து வாழ நினைத்தால் அவளைத்தான் அது முதலில் நசுக்கும். அந்தக் கட்டணத்தையும் விருப்பம்போல் உயர்த்த முடியாது. 2023 ஜூலை முதல் ஆண்டு உயர்வு நுகர்வோர் விலைக் குறியீட்டை ஒட்டியே கணக்கிடப்படுகிறது. எனவே கடன் தீரும்வரை கமிஷன் இருக்கட்டும், தீரத் தீர விகிதத்தைப் படிப்படியாகக் குறையுங்கள், அதை வாங்கும் முன்பே கம்பெனி விதிகளில் எழுதிவிடுங்கள்.

லிங்கன்ஷையர் வாசகர்: பிட்ச் கட்டணம் குறையுமா?

எசெக்ஸ் வாசகருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கும்பிரியா வாசகர்: என் உரிமையாளர் மின்கட்டணம் அதிகமாக வாங்குகிறார்.

இது வளாகம் வாங்கும் விஷயம் அல்ல. லீஸ் என்ற ஆலோசனைச் சேவை பார்க் ஹோம் சச்சரவுகளுக்கு இலவசமாக வழிகாட்டும், அங்கே கேளுங்கள்.

சாமர்செட் வாசகர்: எங்கள் உரிமையாளர் குத்தகைதாரர்தான் என்று இன்றுதான் தெரிந்தது. விலையை மலிவாகச் சொல்கிறார். கையெழுத்திடலாமா?

நிறுத்துங்கள். குத்தகையில் எத்தனை ஆண்டு மிச்சம் என்று பாருங்கள். உரிமையாளருடைய நிலவுரிமை முடியும்போது உங்கள் பிட்ச் ஒப்பந்தத்தின் காலமும் முடிந்துவிடும். மலிவாகச் சொல்வதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். மேலே உள்ள நிலச் சொந்தக்காரரிடம் குத்தகை நீட்டிப்பை எழுத்தில் பெறாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். உரிமையாளர் பரிந்துரைக்கும் சொலிசிட்டரை (வழக்கறிஞரை) விட்டு, உங்கள் கம்பெனிக்கென்று தனியாக ஒருவரை அமர்த்தி, குத்தகைப் பத்திரத்தை இந்த வாரமே அவரிடம் கொடுங்கள்.