ஆறு வருஷ வாடிக்கையாளருக்கு 1,179 ரூபாய், நேற்று சேர்ந்தவருக்கு 825: வழக்குப் போட முடியுமா?

தில்லி மயூர் விஹார் ஃபேஸ் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியது, சுருக்கமாக:

"ஆறு வருஷமாக ஒரே கம்பெனியின் நெட் வைத்திருந்தோம். கனெக்‌ஷன் கணவர் பெயரில். மாதம் 999 ரூபாய், ஜிஎஸ்டியோடு 1,179. வீட்டிலிருந்தே பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு ட்யூஷன் எடுக்கிறேன், நெட் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. ஜனவரியில் எதிர்வீட்டுக்காரர் அதே கம்பெனியில் அதே 100 எம்பிபிஎஸ் ப்ளானில் 699-க்கு, ஜிஎஸ்டியோடு 825-க்குச் சேர்ந்தார். நான் கஸ்டமர் கேரைக் கூப்பிட்டு, அப்படியென்றால் எனக்குக் கனெக்‌ஷனே வேண்டாம் என்றதும், அடுத்த பில்லிலிருந்து உங்களுக்கும் 699 என்றார்கள். பிப்ரவரி முதல் மே வரை நாலு மாதமும் பழைய ரேட்டிலேயே ஆட்டோபேயில் பணம் போயிருக்கிறது. மே கடைசியில் போன் செய்து வெட்டச் சொல்லிவிட்டு, வேறு கம்பெனிக்கு மாறிவிட்டேன். பாக்ஸை எடுக்க யாரும் வரவில்லை. இப்போது ஜூன், ஜூலை பில் 2,358, பாக்ஸுக்கு 2,500, ஆக மொத்தம் 4,858 கட்ட வேண்டும், இல்லாவிட்டால் லோக் அதாலத் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. பழைய ஆளிடம் கூடுதலாக வாங்கியதே தப்பில்லையா? ஆறு வருஷ வித்தியாசத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா?"

அம்மா, நோட்டீஸைப் பார்த்ததிலிருந்து தூக்கம் போயிருக்கும், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது கோர்ட் அனுப்பியது இல்லை. கம்பெனிக்காக ஒரு வக்கீல் தன் லெட்டர்ஹெட்டில் அனுப்பிய கடிதம், அவ்வளவுதான். லோக் அதாலத் என்பது இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால் சமரசம் எழுதிக்கொடுக்கும் இடம். வழக்கே போடாத இந்தக் கட்டத்தில் நீங்கள் அங்கே போகாமல் இருந்தாலும், உங்களுக்கு எதிராக ஒரு உத்தரவும் வராது. ஆனால் போய், "பாதியாவது கட்டுங்கள் மேடம், இன்றைக்கே முடித்துவிடலாம்" என்று நீட்டுகிற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதற்கு அப்பீல் கிடையாது. நிரந்தர லோக் அதாலத் என்று வேறொன்று உண்டு, அதற்குத் தீர்ப்பே சொல்லும் அதிகாரம் இருக்கிறது. அந்த அமைப்பே முத்திரையோடு கூப்பிட்டால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். போலீஸ் வரும் என்று யாராவது போனில் சொன்னால், பில் பாக்கி சிவில் விவகாரம் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள்.

இனி உங்கள் பெரிய கேள்வி. ஆறு வருஷ வித்தியாசம் திரும்ப வராது. இதைச் சொல்ல எனக்கே மனசில்லை, ஆனால் ஆசை காட்டி உங்களை அலைய விடுவது அதைவிடத் தப்பு. நீண்ட நாள் வாடிக்கையாளர் என்பதற்காகக் குறைந்த விலை தர வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் இல்லை. பிராட்பேண்டுக்கு இன்ன விலைதான் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ட்ராய் நிர்ணயிப்பதும் இல்லை, அதைக் கம்பெனிகளிடமே விட்டிருக்கிறது. ட்ராயின் 1999-ம் ஆண்டு கட்டண ஆணையில் ஒரு பிடி உண்டு: ஒரே வகைச் சந்தாதாரர்களுக்குள் பாரபட்சம் காட்டக்கூடாது, வகை பிரிப்பதும் மனம்போனபடி இருக்கக்கூடாது. படித்ததும், இதைத்தானே நானும் சொல்கிறேன் என்று தோன்றும். ஆனால் நீங்கள் அனுப்பிய எதிர்வீட்டு ரசீதை இன்னொரு முறை பாருங்கள். அவர் 699-ஐ மாதாமாதம் கட்டவில்லை; ஆறு மாதத்துக்கு ஒரேயடியாக முன்பணமாக 4,194 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 4,949 கட்டியிருக்கிறார். நீங்கள் மாதாமாதம் கட்டியவர். அவர் வேறு வகை, இவர் வேறு வகை என்று கம்பெனி வக்கீல் ஒரே வரியில் முடித்துவிடுவார்.

விட்டுப் போகிறேன் என்று சொல்பவருக்கு மட்டும் காதோடு காதாகச் சலுகை கொடுக்கிறார்களே, அதுவும் சண்டைக்கு வந்த விஷயம்தான். மொபைல் கம்பெனிகள் இப்படிச் சிலருக்கு மட்டும் தரும் ஆஃபர்களை வெளிப்படுத்த வேண்டும் என்று ட்ராய் 2018-ல் உத்தரவு போட்டது, கம்பெனிகள் தொலைத்தொடர்பு வழக்குகளை விசாரிக்கும் டிடிசாட் தீர்ப்பாயத்துக்குப் போயின, கடைசியில் அந்த விவரங்களை ட்ராயிடம் கொடுத்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் சொன்னது. ஆனால் அது ட்ராய்க்கும் கம்பெனிக்கும் நடுவில் உள்ள கணக்கு. அதைக் காட்டி உங்கள் வீட்டுப் பணத்தைத் திருப்பி வாங்க முடியாது.

உங்கள் வருத்தம் எங்கே தொடங்கியது என்று எனக்குப் புரிகிறது. நீங்கள் சேர்ந்த 2019-ல் 999 நியாயமான விலையாகத்தான் இருந்திருக்கும். அந்த வருஷம் செப்டம்பரில் ஜியோ ஃபைபர் வந்தது, அடுத்த வருஷம் செப்டம்பரில் 399-க்கு 30 எம்பிபிஎஸ், 699-க்கு 100 எம்பிபிஎஸ், இரண்டுமே அன்லிமிடெட் என்று அறிவித்தது, ஏர்டெல் 499-க்கு ஒரு ப்ளான் கொண்டுவந்தது. ஊர் விலை இறங்கிவிட்டது, உங்கள் பில் மட்டும் இறங்கவில்லை, இறங்கியதை உங்களிடம் யாரும் சொல்லவும் இல்லை. நம் பக்கத்துக் கட்டடங்களின் மாடிப்படியைப் பாருங்கள், ஒவ்வொரு கம்பெனியும் ஒரு டப்பா அறைந்து கறுப்பு ஒயர் இழுத்திருக்கும். ஃபைபர் வாசல்வரை வந்த பிறகு புதிதாக ஒரு வீட்டைப் பிடிக்க விலையைக் குறைப்பார்கள், ஏற்கெனவே சத்தம் போடாமல் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்குக் குறைக்க அவர்களுக்கு ஒரு அவசியமும் கிடையாது. நீங்கள் அனுப்பிய மே மாத பில்லின் அடியில் பொடி எழுத்தில் "லாயல்டி டிஸ்கவுன்ட்: 0.00" என்று ஒரு வரி இருக்கிறது. ஆறு வருஷமும் அந்த வரி அப்படியேதான் அச்சாகி வந்திருக்கும் என்று நினைத்தபோது எனக்குக் கோபம் வந்தது.

சரி, உங்களுக்கு வழக்கு இருப்பது ஜனவரி போன்காலில். "அடுத்த பில்லிலிருந்து 699" என்று அவர்கள் சொன்னார்கள், அதை நம்பி நீங்கள் கனெக்‌ஷனை வெட்டாமல் வைத்துக்கொண்டீர்கள். வாய்வார்த்தையாகச் செய்தாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் எல்லாவற்றுக்கும் எழுத்து கேட்பதில்லை. மாதத்துக்கு 300, ஜிஎஸ்டியோடு 354, நாலு மாதத்துக்கு 1,416 ரூபாய். தொகை சின்னதாகத் தெரியும், ஆனால் இது அவர்கள் வாக்குக் கொடுத்துவிட்டு வாங்கிய பணம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக நடைமுறை என்ற இரண்டு தலைப்பிலும் இதைக் கேட்கலாம்.

நிரூபிப்பதுதான் கஷ்டம். அன்றைக்கு வந்த எஸ்எம்எஸ்ஸில் ப்ளான் மாற்றக் கோரிக்கை பதிவானதாக ஒரு நம்பர் இருக்கிறது, ரேட் இல்லை. இருந்தாலும் அது பொன்னானது, அழித்துவிடாதீர்கள். இந்த அழைப்பு பதிவு செய்யப்படலாம் என்று தொடக்கத்திலேயே சொல்கிறார்களே, அந்த ரெக்கார்டிங் அவர்களிடம்தான் இருக்கிறது. கோரிக்கை நம்பரையும் தேதியையும் போட்டு, அந்த ஆடியோவை அழிக்காமல் வைத்திருங்கள், ஒரு நகல் தாருங்கள் என்று இப்போதே மெயிலில் கேளுங்கள். கையில் வைத்துக்கொண்டு காட்ட மறுத்தால், அது அவர்களுக்குப் பாதகமாக இருக்கும் என்று நுகர்வோர் ஆணையம் எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. ஆட்டோபேயில் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு தொகையோடு தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, அந்த நாலு தகவலையும் தேடி எடுங்கள். ஆனால் அது உங்களுக்கு எதிராகவும் திரும்பும், பார்த்தும் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று கேட்பார்கள். ஜனவரிக்கும் மேக்கும் நடுவில் ஒரு தடவையாவது புகார் சொன்னீர்களா? அந்தக் காலின் தேதி போனில் கிடைத்தால் அதையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

ஜூன், ஜூலை பில் விஷயத்தில் உங்கள் பக்கம் ஒரு ஓட்டை இருக்கிறது. போனில் மட்டும் வெட்டச் சொன்னீர்கள். "சூப்பர்வைசர் கூப்பிடுவார்" என்று நாலு தடவை இழுத்தடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். சேர்வதற்கு ஆப்பில் ஒரு தட்டு, விலகுவதற்கு இவ்வளவு பாடு என்றால், 2023 நவம்பரில் வந்த டார்க் பேட்டர்ன், அதாவது வாடிக்கையாளரைச் சிக்கவைக்கும் ஆன்லைன் தந்திரங்கள் பற்றிய வழிகாட்டுதல்களில் பட்டியலிட்ட 13 தந்திரங்களில் ஒன்றான சந்தாப் பொறி அதுதான். இதைப் பதிலில் கட்டாயம் எழுதுங்கள். கூடவே அந்த இரண்டு மாதத்தில் எத்தனை ஜிபி ஓடியது என்ற கணக்கையும் கேளுங்கள், பூஜ்யமாகத்தான் இருக்கும். அப்படியும் ஒப்பந்தத்தில் ஒரு மாத முன்னறிவிப்பு என்று விதி இருந்தால் ஜூன் பில் உங்கள் தலையில் விழலாம். அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஜூலைக்கு அவர்களுக்கு நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் பாக்ஸ். அது அவர்கள் பொருள், உங்களிடம் ஒப்படைத்திருந்தது. அவர்கள் வந்து எடுக்கட்டும் என்று நீங்கள் சும்மா இருந்தது தப்பு, ஒப்பந்தச் சட்டப்படி கேட்காவிட்டாலும் திருப்பிக் கொடுக்க வேண்டியவர் நீங்கள்தான். எழுத்தில் "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு தேதி கொடுத்துவிட்டால் பந்து அவர்கள் பக்கம் போய்விடும், அதன் பிறகு 2,500 கேட்க முகாந்திரம் இல்லை. 2019-ன் முதல் ரசீது இருந்தால் தேடுங்கள், அதில் திருப்பித் தரும் டெபாசிட் என்று ஏதாவது வாங்கியிருந்தால் அதையும் கேட்க வேண்டும்.

நோட்டீஸுக்குப் பதிலை வக்கீலுக்கும் கம்பெனிக்கும் ஒரே மெயிலில் அனுப்புங்கள், வக்கீலுக்கு ஸ்பீடு போஸ்டிலும் போகட்டும். கணவர் பெயரில்தான் எழுத வேண்டும். நீளமாக வேண்டாம், இவ்வளவு போதும்: "ஜனவரியில் இன்ன தேதியில் இன்ன நம்பர் கோரிக்கைப்படி 699 ரேட் ஒப்புக்கொள்ளப்பட்டது. பிப்ரவரி முதல் மே வரை அதிகமாக வசூலித்த 1,416 ரூபாயைத் திருப்பித் தரவும். மே மாதம் இன்ன தேதியில் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லியாயிற்று, அதற்குப் பிந்தைய பில்களை ரத்து செய்யவும். உங்கள் சாதனம் பயன்படுத்தப்படாமல் தயாராக இருக்கிறது, 7 நாளுக்குள் ரசீது கொடுத்து எடுத்துக்கொள்ளவும். 4,858 ரூபாய்க் கோரிக்கையை மறுக்கிறேன்."

அதே நாளில் கஸ்டமர் கேரில் புகார் பதிந்து டாக்கெட் நம்பர் வாங்குங்கள். தீராவிட்டால் கம்பெனிக்குள்ளேயே அப்பீல் அதிகாரி இருக்கிறார், 2012-ம் ஆண்டு விதிகளின்படி அப்பீலை 39 நாளில் முடிக்க வேண்டும். ட்ராய்க்கு நேரடியாக எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள், தனிநபர் புகாரை அது விசாரிப்பதில்லை. இடையில் 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, ஒரு புகார் போட்டு வையுங்கள்; என் அனுபவத்தில் இந்த அளவு தொகைகள் பாதிக்குமேல் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன.

அங்கும் நடக்கவில்லை என்றால் கிழக்கு தில்லி மாவட்ட நுகர்வோர் ஆணையம், சைனி என்கிளேவில். கம்பெனியின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே போடலாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் பதியலாம், கெடு இரண்டு வருஷம். கம்பெனி இரண்டு தடை சொல்லும். தொலைத்தொடர்பு விவகாரம் நுகர்வோர் ஆணையத்துக்கு வராது என்பது ஒன்று. 2009-ல் அப்படி ஒரு தீர்ப்பு இருந்தது உண்மைதான். ஆனால் அகமதாபாத்தில் மாத வாடகை 249 ரூபாய் ப்ளானில் இருந்தவருக்கு ஒரே மாதத்தில் 24,609 ரூபாய் பில் வந்த வழக்கில், ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரி 16-ல் சொல்லிவிட்டது. அந்த மனிதர் புகார் போட்டது 2014-ல். விசாரிக்கலாமா கூடாதா என்பதற்கே எட்டு வருஷம், அதனால்தான் 1915-லேயே முடிந்தால் முடித்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

இன்னொன்று, ட்யூஷனுக்குப் பயன்படுத்தினீர்கள், அது வியாபாரம், நீங்கள் நுகர்வோரே இல்லை என்பார்கள். சொந்த உழைப்பில் பிழைப்புக்காகச் செய்வது அந்த விலக்கில் வராது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. கனெக்‌ஷன் கணவர் பெயரில் இருந்தாலும், அவர் சம்மதத்தோடு பயன்படுத்தியவர் என்ற முறையில் நீங்களும் நுகர்வோர்தான். இரண்டு பேரும் சேர்ந்தே மனுவில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

புது கம்பெனியிடமும் ஒரு மெயில் போடுங்கள். இப்போதைய ரேட் எத்தனை மாதத்துக்கு, அதற்குப் பிறகு எவ்வளவு, ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா, இடையில் விலகினால் என்ன பிடிப்பார்கள், அப்லோடு வேகம் எவ்வளவு. அன்லிமிடெட் என்று விற்கும் பல ப்ளான்களில் மாதம் 3,300 ஜிபி என்று ஒரு வரம்பு இருக்கும்; உங்கள் ட்யூஷனுக்கு அது தாராளம், அப்லோடைத்தான் பார்க்க வேண்டும். பழைய கனெக்‌ஷனோடு ஒரு லேண்ட்லைன் நம்பர் இருந்ததா? இருந்தால் அது போனது போனதுதான், மொபைல் மாதிரி நம்பரை எடுத்துக்கொண்டு மாறும் வசதி லேண்ட்லைனுக்கு இல்லை. ட்யூஷன் பெற்றோர்களிடம் அந்த நம்பர் இருந்தால் சொல்லிவிடுங்கள்.

பாக்ஸைக் கொடுக்கும்முன் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ, அடாப்டரோடு இன்னொரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்க வருகிற பையன் ரசீது இல்லை என்றால் ஒரு வெள்ளைத்தாளில் அந்த நம்பரையும் தேதியையும் எழுதி, அவரிடம் பெயரும் கையெழுத்தும் வாங்காமல் கொடுக்காதீர்கள்.