மாலைப் பசிக்குப் புரதம்: புதிதாக வெளிநாடு வந்த தம்பிக்கு ஒரு பதில்

கேள்வி: வேலைக்காக வெளிநாடு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன, அண்ணா. மாலை ஐந்து மணிக்கு அகோரப் பசி. அலுவலகத்தில் பிஸ்கட், சிப்ஸ். அறைக்கு வந்தால் பிரெட், ஜாம். எடை ஏறிக்கொண்டே போகிறது. புரதம் அதிகமாகச் சாப்பிடு என்கிறார்கள். நாலு பேருக்குப் பொதுவான சமையலறை, ஒரு மைக்ரோவேவ், ஃப்ரிட்ஜில் எனக்கு ஒரு தட்டு. முட்டையும் மீனும் சாப்பிடுவேன், இறைச்சி கிடையாது. பத்து நிமிடத்துக்குள் என்ன செய்துகொள்ளலாம்?

பதில்:

தம்பி, சமையலறைக்குப் பிறகு போகலாம், முதலில் கடைக்குப் போவோம். பாதித் தவறு அங்கேதான் நடக்கிறது. பொட்டலத்தின் முகப்பில் "புரோட்டீன்" என்று பெரிய எழுத்தில் இருப்பதை நம்பாதீர்கள். திருப்பிப் பின்பக்க அட்டவணையில் இரண்டு எண்களை மட்டும் பாருங்கள்: கலோரி எவ்வளவு, புரதம் எத்தனை கிராம். கலோரியைப் புரதத்தால் வகுங்கள். விடை 10க்குள் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 15 வரை பரவாயில்லை. 20ஐத் தாண்டினால் அது புரத உணவே இல்லை, கொஞ்சம் புரதமும் உள்ள கொழுப்பு அல்லது மாவு, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் பல நம்பிக்கைகள் ஆட்டம் காணும். தண்ணீரில் போட்ட டூனா டின்னுக்கு விடை 5க்குள் வரும். கொழுப்பு நீக்கிய கிரீக் யோகர்ட் 6. முட்டை 12. பனீர் 16, 17. வேர்க்கடலை 22. பாதாம் 27. பாதாமும் வேர்க்கடலையும் கெட்ட உணவுகள் அல்ல. ஆனால் எடையைக் குறைக்க நினைப்பவர் புரதத்துக்காக அவற்றை நம்பினால், 20 கிராம் புரதம் சேர்வதற்குள் 440 முதல் 540 கலோரி உள்ளே போய்விடும்.

அட்டவணையில் இரண்டு பொறிகள் உண்டு. சில நாடுகளில் ஆற்றலைக் கிலோஜூலில் அச்சிடுவார்கள், அதை 4.2ஆல் வகுத்தால் கலோரி கிடைக்கும். இரண்டாவது, ஒரு பொட்டலத்தில் 100 கிராமுக்கு என்றும் இன்னொன்றில் ஒரு பரிமாறலுக்கு என்றும் கணக்குக் கொடுத்திருப்பார்கள். இரண்டு பொட்டலங்களை ஒப்பிடும்போது எப்போதும் 100 கிராம் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பரிமாறல் என்பது கம்பெனிக்காரர் வசதிக்கு வைத்த அளவு. உங்களுக்கு எவ்வளவு சேரும் என்பதை மட்டும் நீங்கள் சாப்பிடும் அளவை வைத்துப் பாருங்கள். ஹம்மஸில் (கொண்டைக்கடலையை அரைத்துச் செய்யும் தொட்டுக்கொள்ளும் விழுது) 100 கிராமுக்கு 7, 8 கிராம் புரதம் இருக்கும், ஆனால் நீங்கள் தொட்டுச் சாப்பிடப்போவது இரண்டு மேசைக்கரண்டி. அதில் 2 கிராம்தான் தேறும்.

மாலைச் சிற்றுண்டிக்கு 15 முதல் 20 கிராம் புரதம், 150 முதல் 200 கலோரி என்று குறி வைத்துக்கொள்ளுங்கள். இரவுச் சாப்பாடு வரை அது தாங்கும்.

யோகர்ட் அலமாரியில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கிரீக் யோகர்ட் நீரை வடித்துக் கெட்டியாக்கியது. கொழுப்பு நீக்கிய வகையில் 100 கிராமுக்குச் சுமார் 10 கிராம் புரதம், 60 கலோரி. பக்கத்திலேயே அதே மாதிரி டப்பாவில் "கிரீக் ஸ்டைல்" என்று ஒன்று இருக்கும். அதைப் பல கம்பெனிகள் வடிக்காமல், கிரீமோ ஸ்டார்ச்சோ சேர்த்துக் கெட்டியாக்குகின்றன. புரதம் 4, 5 கிராம்தான், கலோரியோ இரட்டிப்பு. சேர்மானப் பட்டியலில் பாலும் உறைய வைக்கும் பாக்டீரியாவும் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பழச்சுவை போட்டதை எடுக்கவே வேண்டாம், சர்க்கரை தாராளமாக இருக்கும். சாதா யோகர்ட்டில் உறைந்த பெர்ரிப் பழங்களை ஒரு கைப்பிடி போட்டுப் பத்து நிமிடம் வைத்தால், அது கரைந்து வரும் சாறே போதும்.

இனிப்பு வேண்டாம் என்றால் 200 கிராம் கிரீக் யோகர்ட்டில் துருவிய வெள்ளரிக்காய், கால் டீஸ்பூன் வறுத்த சீரகத்தூள், நறுக்கிய பச்சை மிளகாய். புரதம் 20 கிராம், கலோரி 130 சொச்சம். வெள்ளரியைத் துருவிய கையோடு பிழிந்துவிடுங்கள், உப்பைச் சாப்பிடும்போது மட்டும் போடுங்கள். காலையில் உப்புப் போட்டு டப்பாவில் அடைத்தால் வெள்ளரி தண்ணீர் விட்டு, மாலையில் மோராகிவிடும்.

கிரீக் யோகர்ட் கிடைக்கவில்லை, அல்லது விலை கட்டுப்படியாகவில்லை என்றால் நீங்களே வடிக்கலாம். சல்லடையில் சுத்தமான துணியை விரித்து (காபி ஃபில்டர் தாளும் சரி), கொழுப்புக் குறைந்த சாதா யோகர்ட் ஒரு கிலோவை ஊற்றி, அடியில் பாத்திரம் வைத்து, ஃப்ரிட்ஜில் இரவு முழுக்க விடுங்கள். பாதியளவு கெட்டியாக நிற்கும். அவசரப்பட்டுப் பிழிந்தால் துணி வழியே யோகர்ட்டும் சேர்ந்து வெளியே வரும். முழுக் கொழுப்பு யோகர்ட்டை வடித்தால் கொழுப்பும் அதே விகிதத்தில் கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

காட்டேஜ் சீஸைப் பனீர் என்று நினைத்து வாங்கிக் குழம்பில் போட்டு, அது கரைந்து திரிதிரியாகப் போய்த் திகைத்தவர்கள் நிறைய. இது வேறு பண்டம். ஈரமான மணிமணியான சீஸ், 100 கிராமுக்கு 11, 12 கிராம் புரதம், கொழுப்பும் குறைவு. அந்த மணிமணியான தன்மை பலருக்குப் பிடிப்பதில்லை. ஹேண்ட் பிளெண்டரில் அரை நிமிடம் அடித்தால் வழவழப்பாகிவிடும். மிளகுத்தூளும் எலுமிச்சையும் சேர்த்து, காரட், குடைமிளகாய்த் துண்டுகளைத் தொட்டுச் சாப்பிடுங்கள். 150 கிராமுக்குக் கிட்டத்தட்ட 17 கிராம். உப்பு அதிலேயே இருக்கும், மேலே போட வேண்டாம்.

முட்டைக்கு வருவோம். பெரிய முட்டை ஒன்றில் 6 கிராம், 70 கலோரி சொச்சம். இரண்டு முட்டையில் 12 கிராம்தான் என்பதால் குறிக்குக் கொஞ்சம் குறையும், பக்கத்தில் 70 கிராம் காட்டேஜ் சீஸ் வைத்தால் 20 ஆகும். ஞாயிற்றுக்கிழமை ஆறு முட்டைகளை வேகவைத்து வைத்துவிடுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த முட்டையைக் கரண்டியால் மெதுவாக இறக்கி, 10, 11 நிமிடம். உடனே குளிர்ந்த நீரில் ஐந்து நிமிடம். பச்சைத் தண்ணீரிலேயே முட்டையைப் போட்டு அடுப்பைப் பற்றவைத்தால் வெள்ளைக்கரு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது பிய்ந்து வரும். மிகப் புதிய முட்டையும் அப்படித்தான். மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை நிற வளையம் தெரிந்தால் அதிக நேரம் வெந்துவிட்டது என்று பொருள். கந்தகமும் இரும்பும் சேர்ந்து வரும் நிறம் அது, சாப்பிடலாம். ஓட்டோடு ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். உரித்ததை அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

மைக்ரோவேவ் மட்டும்தான் இருக்கிறது என்றால் கோப்பை ஆம்லெட். பெரிய காபிக் கோப்பையின் உட்புறம் அரை டீஸ்பூன் எண்ணெய் தடவுங்கள். இரண்டு முட்டை, 50 கிராம் காட்டேஜ் சீஸ், ஒரு மேசைக்கரண்டி பொடியாக நறுக்கிய வெங்காயம், மிளகு. கலவை கோப்பையில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது, பொங்கி வழியும். 800 வாட் அடுப்பில் 45 விநாடி வைத்து, வெளியே எடுத்து ஓரத்தில் வெந்ததை நடுவுக்குக் கிளறி, மறுபடி 30 விநாடி. அதன்பின் 15, 15 விநாடியாக. மேற்புறம் இன்னும் லேசாக ஈரமாக இருக்கும்போதே நிறுத்தி ஒரு நிமிடம் மூடி வைத்தால் உள்சூட்டிலேயே வெந்துவிடும். முழுதாக வேகட்டும் என்று ஒரேயடியாக இரண்டு நிமிடம் வைத்தால் ரப்பர் மாதிரியாகி அடியில் தண்ணீர் நிற்கும். தக்காளி போட்டாலும் அந்தத் தண்ணீர் வரும்.

ஓட்டோடு முட்டையை மைக்ரோவேவில் வைக்காதீர்கள், வெடிக்கும். உரித்த வேகவைத்த முட்டையைச் சூடுபடுத்தினாலும் உள்ளே நீராவி சிக்கி, கடிக்கும்போது வாயிலேயே வெடித்துச் சுட்டுவிடலாம். குளிர்ச்சியாகவே சாப்பிடுங்கள், அல்லது வெந்நீரில் சில நிமிடம் போட்டு வையுங்கள்.

டின் மீனில் வேலையே இல்லை. தண்ணீர் வடித்த டூனா 100 கிராமில் 24, 25 கிராம் புரதம், 110 கலோரி அளவுக்கு. மயோனைஸ் போட்டுக் கலக்குவதுதான் கெடுக்கிறது, இரண்டு மேசைக்கரண்டிக்கே 180 கலோரிக்கு மேல் ஏறும். அதற்குப் பதில் கிரீக் யோகர்ட் இரண்டு கரண்டி, எலுமிச்சை, வெங்காயம், மிளகாய்த்தூள். டூனாவில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் தினமும் வேண்டாம். மத்தி டின்னில் அது குறைவு, மெத்தென்ற முள்ளோடு சாப்பிட்டால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும், கலோரி மட்டும் சற்றுக் கூடுதல். ஒன்று சொல்லியாக வேண்டும்: பொது மைக்ரோவேவில் மீனைச் சூடுபடுத்தி அலுவலகத்தில் பெயர் வாங்காதீர்கள். காலி டின்னைக் கழுவிவிட்டுக் குப்பையில் போடுங்கள்.

உறைந்த எடமாமே (பச்சை சோயா) பலர் கண்ணில் படுவதே இல்லை. தோல் உரித்த வகையாகப் பார்த்து வாங்குங்கள், உறைகாய்கறிப் பெட்டியில் இருக்கும். 150 கிராமுடன் இரண்டு கரண்டித் தண்ணீர் சேர்த்து மூடி, மைக்ரோவேவில் 4 நிமிடம். உப்பு, மிளகாய்த்தூள். 17 கிராம் புரதம், 180 கலோரி. மாலைப் பசிக்கு என் முதல் தேர்வு இதுதான், கொறிக்கிற ஆசையும் சேர்ந்தே அடங்கும்.

டோஃபுவில் வழவழப்பான சில்கன் வேண்டாம், கெட்டி வகையை எடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி 100 கிராமுக்கு 8 முதல் 17 கிராம் வரை புரதம் மாறும், லேபிளைப் பார்த்தே வாங்க வேண்டும். அது ஏற்கெனவே வெந்த பண்டம், அப்படியே துண்டு போட்டுச் சோயா சாஸும் மிளகாயும் தூவிச் சாப்பிடலாம். மொறுமொறுப்பு வேண்டுமென்றால் துணியில் சுற்றி மேலே கனம் வைத்து 15 நிமிடம் நீரை இறக்கிவிட்டு, ஒரு டீஸ்பூன் சோளமாவு புரட்டி வாணலியில் வாட்டுங்கள். நீரை இறக்காவிட்டால் மாவு பசையாகி வாணலியில் ஒட்டிக்கொள்ளும்.

மீல்மேக்கர் கெடாமல் மாதக்கணக்கில் இருக்கும். காய்ந்த நிலையில் 30 கிராமில் 15 கிராம் புரதம், 100 கலோரி சொச்சம். உப்புப் போட்ட கொதிநீரில் 10 நிமிடம் ஊறவைத்து, பிழிந்து, பச்சைத் தண்ணீரில் அலசி மறுபடி பிழியுங்கள். ஒரு தடவையோடு விட்டால் அந்தப் பச்சை வாசனை போகாது, உள்ளே தண்ணீர் நிற்பதால் மசாலாவும் இறங்காது.

டின் கொண்டைக்கடலை அரை டின், அதாவது வடித்த 120 கிராம், 8 கிராம் புரதமும் 150 கலோரியும் தரும். தனியாக அது புரதக் கணக்குக்குப் போதாது, ஆனால் நார்ச்சத்து வயிற்றைப் பிடித்து நிறுத்தும். நன்றாக அலசி உப்பைக் குறைத்து, கடுகு தாளித்துச் சுண்டலாக்கி, 100 கிராம் கிரீக் யோகர்ட்டோடு சாப்பிட்டால் கணக்குச் சரியாகிவிடும். காய்ந்த சிவப்பு ராஜ்மாவை வாங்கி ஸ்லோ குக்கரில் நேரடியாகப் போடாதீர்கள். அதிலுள்ள நச்சுப் புரதம் அந்தக் குறைந்த சூட்டில் அழியாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். முதலில் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். டின்னில் வருவது வெந்தது, பயமில்லை. முளைகட்டிய பயறில் புரதம் கொட்டிக்கிடக்கிறது என்பார்கள். முளை நீரை உறிஞ்சிக்கொள்வதால் 100 கிராமில் காய்ந்த பயறைவிடப் புரதம் மிகக் குறைவாகத்தான் இருக்கும்.

கொட்டை வகைகளைத் தராசில் 30 கிராம் நிறுத்துச் சின்ன டப்பாக்களில் பிரித்து வைத்தால் மட்டும் வாங்குங்கள். பையோடு மடியில் வைத்தால் அளவு நிற்காது.

பாலுக்குப் பதில் பாதாம் பால், ஓட்ஸ் பால் குடிப்பவர்கள் கவனியுங்கள். 250 மில்லி பசும்பாலில் 8 கிராம், சோயா பாலில் 7, 8. பாதாம் பாலில் ஒரு கிராம் தேறினாலே பெரிது.

புரோட்டீன் பார் அவசரத்துக்குத்தான். மேலே சொன்ன வகுத்தலைப் போட்டால் சில பார்கள் மிட்டாய் வரிசையில் நிற்கும். சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் மால்டிடால் என்ற இனிப்பைச் சேர்த்திருந்தால் வயிறு ஊதலாம், அலுவலகத்தில் அது சங்கடம். வே (whey) பவுடர், அதாவது பாலிலிருந்து பிரித்தெடுத்த புரதப் பொடி, ஒரு ஸ்கூப் 30 கிராமில் 22 முதல் 25 கிராம் தரும். பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஐசோலேட் என்ற கூடுதலாகச் சுத்திகரித்த வகையை எடுக்கலாம், அதில் லாக்டோஸ் மிகக் குறைவு. முதலில் தண்ணீர், பிறகு பவுடர். மாற்றிப் போட்டால் அடியில் கட்டி. கொதிக்கும் ஓட்ஸில் கொட்டினால் திரிந்து மணல் மாதிரியாகும், இறக்கி இரண்டு நிமிடம் ஆறவிட்டுக் கலக்குங்கள்.

வேலைக்கு எடுத்துப்போகும் முட்டை, யோகர்ட், டோஃபுவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. போய்ச் சேர்ந்ததும் ஃப்ரிட்ஜ், வழியில் பைக்குள் ஐஸ் பேக். சிறுநீரகக் கோளாறு, அல்லது அதற்கு இட்டுச்செல்லும் நீண்ட நாள் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவரானால் புரதத்தைக் கூட்டும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். அப்படி ஏதும் இல்லையென்றால், ஒரே தட்டுதானே உங்களுக்கு, அதில் முதல் வாரத்துக்கு ஆறு முட்டை, ஒரு கிலோ கிரீக் யோகர்ட், ஒரு டப்பா காட்டேஜ் சீஸ் வையுங்கள். உறைபெட்டியில் எடமாமே ஒரு பை.