நூற்றி நான்கும் வேண்டாம்

கேள்வி: மேற்கத்திய செவ்வியல் சிம்பொனிகளை (பெரிய வாத்தியக் குழுவுக்காகப் பல பகுதிகளாக எழுதும் இசை), இயற்றப்பட்ட வரிசையிலேயே கச்சேரி வீடியோக்களில் பார்க்கத் தீர்மானித்திருக்கிறேன். ஹைடனின் 1 முதல் 104 வரை முடித்துவிட்டு மோட்சார்ட்டுக்குப் போகலாமா?
(வாசகர் ஒருவர், மதுரை)

பதில்: வேண்டாம். முப்பதைத் தாண்டுவதற்குள் அலுத்துவிடும், பீத்தோவன் வரை வந்து சேரவே மாட்டீர்கள். அதோடு, நீங்கள் சொல்வது இயற்றிய வரிசையும் இல்லை. ஹைடனின் கடைசிப் பன்னிரண்டும் லண்டன் கச்சேரிகளுக்காக 1791 முதல் 1795 வரை எழுதியவை. மோட்சார்ட் தன் கடைசி மூன்றையும் 1788 கோடையிலேயே முடித்துவிட்டார், 1791 டிசம்பரில் இறந்தும் போனார். எண்களை நம்பவே நம்பாதீர்கள். மெண்டல்சன் ‘ஐந்தாவதை’ எழுதியது 1830இல், ‘மூன்றாவதை’ முடித்தது 1842இல்!

ஹைடனின் 45ஆவது சிம்பொனியில் தொடங்குங்கள். 1772இல் எழுதியது. ஹைடனை வேலைக்கு வைத்திருந்த எஸ்டெர்ஹாசி பிரபு ஊருக்கு அனுப்பாமல் கோடை மாளிகையிலேயே நிறுத்தி வைத்திருந்த வாத்தியக்காரர்களுக்காக ஹைடன் வைத்த கோரிக்கை அது. முடிவில் ஒவ்வொருவராக வாசிப்பை நிறுத்தி எழுந்து போவார்கள், கடைசியில் இரண்டு வயலின்கள்தான் மிஞ்சும். இதை வெறுமனே கேட்டால் பாதிதான் கிடைக்கும், பார்க்க வேண்டும். அப்புறம் மோட்சார்ட்டின் அந்தக் கடைசி மூன்று: 39, 40, 41. 40இல் ட்ரம்பெட்டும் இல்லை, முரசும் இல்லை. 41இல் இரண்டும் வந்து உட்கார்ந்திருக்கும். ஹைடனின் லண்டன் சிம்பொனிகளில் இரண்டு மூன்று போதும்.

பீத்தோவனின் ஒன்பது சிம்பொனிகளில் மட்டும் ஒன்றைக்கூட விடாதீர்கள். ஐந்தாவதைப் பார்க்கும்போது பின்வரிசையில் ட்ராம்போன் என்ற நீண்ட பித்தளை ஊதுகருவி வாசிப்பவர்கள் மூவரைக் கவனியுங்கள். முதல் மூன்று பகுதிகளிலும் அவர்களுக்கு ஒரு ஸ்வரம்கூடக் கிடையாது, கருவியோடு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாவது பகுதி இடைவெளியே இல்லாமல் நான்காவதில் போய் விழும் அந்த நொடியில் மூவரும் சேர்ந்து ஊதுவார்கள். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

சூபர்ட்டின் ‘முற்றுப்பெறாத’ சிம்பொனிக்கு மட்டும் உங்கள் பட்டியலில் இரண்டு இடம் ஒதுக்குங்கள். எழுதியது 1822இல். அவர் இறந்தது 1828இல். வியன்னாவில் அது முதன்முதலாக மேடையேறியதோ 1865இல். பீத்தோவன் ஒன்பதாவதை முடிப்பதற்கு முன்பே பிறந்த இசை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் யார் காதிலும் விழாமல் கிடந்திருக்கிறது. அதனால் 1822 வரும்போது ஒரு தடவை பாருங்கள். 1876இல் பிராம்ஸ் தன் முதல் சிம்பொனியை முடிக்கிறார் இல்லையா, அதைப் பார்ப்பதற்கு முந்தைய நாள், இது மேடையேறிய காலத்தை நினைத்து இன்னொரு தடவை பாருங்கள்.