ஓ.டி.பி. இருக்கும்போது சாவி எதற்கு? – வாசகர் கேள்வி பதில்

இணையக் கணக்குகளுக்கான பாதுகாப்புச் சாவி (செக்யூரிட்டி கீ) குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற வங்கி அலுவலர். வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் மகன், சென்ற முறை ஊருக்கு வந்தபோது யூபிகீ என்ற சிறு கருவியைக் கொடுத்து, இனி ஜிமெயிலுக்குள் நுழைய இதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்குத்தான் செல்போனில் ஓ.டி.பி. வருகிறதே, அதை நான் யாரிடமும் சொல்வதும் இல்லையே, பிறகு இது எதற்கு?
– வாசகர், திருச்சி

பதில்: ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாமல் இருப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் இப்போதைய திருடர்கள் பலர் அதை உங்களிடம் கேட்பதே இல்லை. நீங்களே தட்டச்சு செய்து கொடுக்கும்படி ஏற்பாடு செய்துவிடுகிறார்கள். ‘உங்கள் கணக்கு இன்றிரவு முடக்கப்படும்’ என்று ஒரு செய்தி வரும். அதிலுள்ள இணைப்பைத் தொட்டால் கூகுளின் நுழைவுப் பக்கத்தை அச்சில் வார்த்தாற்போல ஒரு பக்கம் திறக்கும். முகவரியை உற்றுப் பார்த்தால்தான், ஆங்கில ‘ஓ’ இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் இருப்பது தெரியும். செல்போனின் சிறிய திரையில் அதுவும் தெரியாமல் போகலாம். நீங்கள் அங்கே கடவுச்சொல்லை இட்டதும், மறுமுனையிலுள்ள நிரல் அதை அப்போதே உண்மையான கூகுள் பக்கத்தில் இடுகிறது. கூகுளும் உங்கள் எண்ணுக்கு உண்மையான ஓ.டி.பி.யை அனுப்புகிறது. அதையும் நீங்கள் போலிப் பக்கத்தில் இட, காலாவதியாகும் முன்பே அது உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்து, திருடன் உள்ளே நுழைந்துவிடுகிறான். இதில் எந்தக் கட்டத்திலும் நீங்கள் யாரிடமும் எதையும் ‘சொல்லவில்லை’.

உங்கள் மகன் கொடுத்த யூபிகீ ஒரு வகைப் பாதுகாப்புச் சாவி. அது இந்த இடத்தில்தான் உதவுகிறது. அதை ஒரு தளத்தில் பதிவு செய்யும்போது, அந்தத் தளத்துக்கென்றே இரண்டு எண்களைக் கொண்ட ஓர் இணையை அது உருவாக்குகிறது. ஒன்று தளத்திடம் போகிறது. மற்றொன்றான ரகசிய எண், சாவிக்குள் இருக்கும் சிப்பை விட்டு வெளியே வருவதே இல்லை. பிறகு நீங்கள் நுழையும்போதெல்லாம் தளம் ஒரு புதிய எண்ணை அனுப்பி, ‘இதில் கையொப்பமிடு’ என்று கேட்கிறது. நீங்கள் சாவியைத் தொட்டதும் ரகசிய எண்ணைக் கொண்டு அது கையொப்பமிடுகிறது. எந்த முகவரியிலிருந்து கோரிக்கை வந்தது என்பதைச் சாவிக்குத் தெரிவிக்கும் வேலையைப் பிரவுசர் பார்த்துக்கொள்கிறது. போலித் தளம் நம் கண்ணை எவ்வளவு ஏமாற்றினாலும் முகவரி வேறாக இருப்பதால், அதற்கான ரகசிய எண் சாவியில் கிடையாது. எனவே கையொப்பமும் கிடைக்காது. நாம் கவனக்குறைவாக இருக்கும் நாளிலும் இது வேலை செய்யும் என்பதுதான் என் பார்வையில் இதன் பெரிய சிறப்பு.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2022 ஜூலையில் அமெரிக்காவின் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் ஊழியர்கள் குறைந்தது 76 பேருக்கு, ஒரு நிமிடத்துக்குள், இத்தகைய போலிக் குறுஞ்செய்திகள் வந்தன. இணையப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட அந்த நிறுவனத்தில் மூன்று பேர் போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லை இட்டுவிட்டார்கள். ஆனால் அங்கே எல்லா ஊழியர்களுக்கும் பாதுகாப்புச் சாவி கட்டாயமாக இருந்ததால், திருடிய கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு உள்ளே நுழைய முடியவில்லை. ஏறத்தாழ அதே காலத்தில் அதே வகைத் தாக்குதலுக்கு ஆளான ட்விலியோ நிறுவனத்தில் வாடிக்கையாளர் விவரங்கள் வரை திருடர்கள் சென்றுவிட்டார்கள். கூகுள் 2019இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டுகிறது. ஒருவரைக் குறிவைத்து நடத்தப்படும் தாக்குதல்களில் எஸ்.எம்.எஸ். குறியீடு 76 சதவீதத்தைத்தான் தடுத்தது. பாதுகாப்புச் சாவி அந்த ஆய்வில் ஒன்றைக்கூட உள்ளே விடவில்லை. ஆகவே மகன் சொன்னதைக் கேளுங்கள்.

கேள்வி: சாவியின் நடுவில் உள்ள உலோக வட்டத்தைத் தொடச் சொல்கிறது. அது என் கைரேகையைப் பதிவு செய்து எங்காவது அனுப்புகிறதா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: இல்லை. சாதாரணச் சாவிகளில் அந்த வட்டம், ஒரு விரல் பட்டதா என்பதை மட்டுமே அறியும். யாருடைய விரல் என்று அதற்குத் தெரியாது. கணினிக்குள் புகுந்த வைரஸ் நீங்கள் இல்லாத நேரத்தில் சாவியை இயக்கிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. கைரேகையைச் சரிபார்க்கும் வகைச் சாவிகள் தனியாக விற்கின்றன. அவற்றிலும் ரேகை சாவிக்குள்ளேயே இருக்கும்.

கேள்வி: ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஜி.எஸ்.டி., வருமான வரித் தளங்களில் கையொப்பமிட எங்களிடம் டி.எஸ்.சி. (டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ்) டோக்கன் நிறைய இருக்கிறது. அதுவும் யூ.எஸ்.பி.யில் செருகுவதுதானே? அதையே ஜிமெயிலுக்குப் பயன்படுத்த முடியாதா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல இருப்பதாலும், உள்ளே நடக்கும் கணிதமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது என்பதாலும் இந்தக் குழப்பம் இயல்பானதே. டி.எஸ்.சி. டோக்கனில் இருப்பது, உரிமம் பெற்ற சான்றளிப்பு நிறுவனம் உங்கள் அடையாளத்தைச் சரிபார்த்து, பெயரைக் குறிப்பிட்டு, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு வழங்கிய சான்றிதழ். நீங்கள் இன்னார் என்று எல்லாத் தளங்களுக்கும் ஒரே மாதிரி சொல்வதுதான் அதன் வேலை. பாதுகாப்புச் சாவியில் உங்கள் பெயரோ பான் எண்ணோ வைத்து யாரும் சான்றளிப்பதில்லை. அதற்குக் காலாவதித் தேதியும் கிடையாது. ‘அன்று பதிவு செய்த அதே சாவிதான் இன்றும் வந்திருக்கிறது’ என்பதை மட்டும் அது நிரூபிக்கும். அதுவும் தளத்துக்குத் தளம் வேறு எண் இணையைப் பயன்படுத்துவதால், இரண்டு தளங்கள் சேர்ந்து ஒப்பிட்டாலும் நீங்கள் ஒருவர்தான் என்று அதை வைத்துக் கண்டுபிடிக்க இயலாது. பாதுகாப்புச் சாவிகளுக்கான பொதுத் தரமான ஃபைடோ2 (FIDO2) என்ற பெயர் கருவியின் அட்டைப்பெட்டியில் இருந்தால் அது ஜிமெயிலுக்கு உதவும். நீங்கள் கையாளும் வழக்கமான டோக்கன்கள் உதவா.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேட்காவிட்டாலும். வாடிக்கையாளர்களின் டோக்கன்களை மேசை இழுப்பறையில் போட்டு, கடவுச்சொல்லை அதன்மேலேயே சீட்டில் ஒட்டிவைக்கும் வழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது. பாதுகாப்புச் சாவி வாங்கும் முன் அதை நிறுத்துவது நல்லது.

கேள்வி: ஊருக்குப் போகும் வழியில் சாவி தொலைந்துவிட்டால் என்ன செய்வது? பூட்டு ரிப்பேர்காரரிடம் மாற்றுச் சாவி போடுவது போல இதற்கும் நகல் எடுத்து வைக்கலாமா?
– பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: நகல் எடுக்க முடியாது. ரகசிய எண்ணை வெளியே எடுக்க வழியில்லாதபடி செய்திருப்பதால்தான் இந்தச் சாவிக்கே மதிப்பு. ஆகவே தொடக்கத்திலேயே இரண்டு சாவிகளாக வாங்கி, இரண்டையும் ஒவ்வொரு கணக்கிலும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். ஒன்று உங்களிடம் இருக்கட்டும். மற்றொன்று வீட்டு பீரோவில் இருக்கட்டும். ஒன்றே சில ஆயிரம் ரூபாய் விற்கும்போது இரண்டு வாங்குவது செலவுதான் என்றாலும், ஒரே ஒரு சாவியை மட்டும் வாங்குவதற்கு, வாங்காமலேயே இருக்கலாம் என்பேன். 2023 ஜனவரியில் ஐபோன்களுக்கு இந்த வசதியைக் கொண்டுவந்த ஆப்பிள் நிறுவனம், குறைந்தது இரண்டு சாவிகள் இல்லாமல் பதிவு செய்யவே அனுமதிப்பதில்லை. அது சரியான பிடிவாதம். கூகுள் கணக்கில், சாவி கையில் இல்லாதபோது இட்டு நுழைவதற்கான 10 மாற்றுக் குறியீடுகளையும் அச்சிட்டு எடுத்துக்கொள்ள முடியும். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். அந்தத் தாளை வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். செல்போனில் படம்பிடித்து வைத்தால் பயனில்லை, ஏனெனில் சாவி தொலையும் பையிலேயே பெரும்பாலும் போனும் இருக்கும்.

கண்டெடுத்தவர் உங்கள் கணக்கில் நுழைந்துவிடுவாரோ என்று அஞ்சத் தேவையில்லை. சாவியின்மேல் உங்கள் பெயரோ மின்னஞ்சலோ இல்லை. கடவுச்சொல்லோ, சாவிக்கென நீங்கள் வைத்த பின் (PIN) எண்ணோ தெரியாமல் அவரால் எதுவும் செய்ய இயலாது. பின் எண்ணைத் தொடர்ந்து 8 முறை தவறாக இட்டால் சாவி பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை. இது உங்களுக்கும் பொருந்தும் என்பதால் பின் எண்ணை மறந்துவிடாதீர்கள். தொலைந்தது உறுதியானதும் இரண்டாவது சாவியால் உள்ளே நுழைந்து, பழையதைக் கணக்கின் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.

கேள்வி: என் ஜிமெயிலில் இரண்டு சாவிகளைப் பதிவு செய்துவிட்டேன். ஆனாலும் நுழையும்போது ‘வேறு வழியில் முயல்க’ என்பதைத் தொட்டால் எஸ்.எம்.எஸ். அனுப்பவா என்று கேட்கிறது. அப்படியானால் சாவி போட்டும் பயனில்லையா?
– அச்சக உரிமையாளர், சிவகாசி

பதில்: இந்த மாதம் வந்தவற்றில் மிகச் சரியான கேள்வி இதுதான். சாவியைப் பதிவு செய்ததோடு வேலை முடிந்துவிட்டதாகப் பலர் விட்டுவிடுகிறார்கள். போலிப் பக்கத்தை நடத்துபவன் சாவியைக் கேட்கவே மாட்டான். ‘சாவி வேலை செய்யவில்லை, எஸ்.எம்.எஸ். குறியீட்டை இடுங்கள்’ என்று காட்டுவான். உங்கள் எண்ணுக்கு மாற்று சிம் வாங்கிவிட்ட திருடனுக்கோ இன்னும் எளிது. எஸ்.எம்.எஸ். வழி திறந்திருக்கும் வரை, உங்கள் கணக்கின் பலம் எஸ்.எம்.எஸ்.ஸின் பலம்தான்.

ஆகவே, இரண்டு சாவிகளும் வேலை செய்கின்றனவா என்று வேறொரு கணினியில் சோதித்துப் பார்த்த பிறகு, மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எடுத்துக்கொண்டு, இரண்டு கட்டச் சரிபார்ப்புப் பகுதிக்குச் சென்று அங்குள்ள செல்போன் எண்ணை நீக்குங்கள். வரிசையை மாற்றாதீர்கள், முதலில் எண்ணை நீக்கிவிட்டுப் பிறகு சாவியில் சிக்கல் வந்தால் வெளியே நிற்கப்போவது நீங்கள்தான். கடவுச்சொல் மறந்தால் மீட்பதற்கென்று தனியாக ஓர் எண்ணும் மின்னஞ்சலும் கொடுத்திருப்பீர்கள். அந்த மின்னஞ்சல் வெறும் கடவுச்சொல்லோடு நிற்கும் பழைய கணக்காக இருந்தால் அதற்கும் சாவியைப் போடுங்கள். இவற்றையெல்லாம் ஒரே முடிவில் செய்ய விரும்புவோருக்காகக் கூகுள் 2017 முதல் ‘அட்வான்ஸ்டு புரொடெக்‌ஷன்’ என்ற திட்டத்தை இலவசமாக நடத்துகிறது. அதில் சேர்ந்தால் எஸ்.எம்.எஸ். வழி தானாகவே மூடப்படும். கணக்கை மீட்பதற்குச் சில நாட்கள் ஆகலாம் என்பது அதற்கான விலை.

சாவியால் தடுக்க முடியாத ஒன்றும் உண்டு. நீங்கள் ஒருமுறை நுழைந்ததும், நுழைந்துவிட்டீர்கள் என்பதற்கான குக்கீ ஒன்றைப் பிரவுசர் வைத்துக்கொள்கிறது. திருட்டு மென்பொருளோடு வரும் வைரஸ் அந்தக் குக்கீயையே அள்ளிச் சென்றால், திருடன் நுழைவுப் பக்கத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. 2023 மார்ச்சில் கனடாவின் லைனஸ் டெக் டிப்ஸ் யூடியூப் சேனல் பறிபோனது இப்படித்தான். விளம்பர ஒப்பந்தம் போல வந்த ஒரு கோப்பை ஊழியர் ஒருவர் திறந்ததே காரணம். அச்சகம் நடத்தும் உங்களுக்கு முன்பின் தெரியாதவர்களிடமிருந்து நாள்தோறும் கோப்புகள் வரும். அவற்றைத் திறக்கும் கணினியில் நிறுவனத்தின் முதன்மை மின்னஞ்சலைத் திறந்து வைக்காதீர்கள்.

கேள்வி: செல்போனிலேயே பாஸ்கீ வந்துவிட்ட பிறகு தனிச் சாவி வாங்க வேண்டுமா?
– பொறியியல் மாணவர், சென்னை

பதில்: பெரும்பாலோருக்கு வேண்டியதில்லை. கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் செல்போனின் திரைப்பூட்டைத் திறந்தே நுழைய உதவும் பாஸ்கீயும் இதே ஃபைடோ2 முறையில் இயங்குவதுதான். போலித் தளத்தில் அதுவும் வேலை செய்யாது. ஆனால் செல்போனில் உருவாக்கும் பாஸ்கீகள் பொதுவாகக் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கின் வழியே உங்கள் மற்ற கருவிகளுக்கும் போய்ச் சேர்கின்றன. ஆகவே அந்த ஒரு கணக்குக்குச் சாவி போட்டுவிட்டு, மற்ற தளங்களுக்குப் பாஸ்கீயைப் பயன்படுத்துவது மாணவருக்குப் போதுமானது. பத்திரிகையாளர், நிறுவனத்தின் கணினி அமைப்பை நிர்வகிப்பவர், டொமைன் பெயர்களை (இணையதள முகவரிகளை) கையில் வைத்திருப்பவர் ஆகியோருக்கு எல்லா முக்கியக் கணக்குகளிலும் தனிச் சாவியே நல்லது.

கேள்வி: என் வங்கியின் நெட் பேங்கிங்குக்கு இதைப் பயன்படுத்தலாமா? வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், வேலூர்

பதில்: வங்கிக்காக மட்டும் வாங்குவதாக இருந்தால் பொறுங்கள். நம் நாட்டில் சாதாரண வாடிக்கையாளர்களுக்கு வங்கிகள் பெரும்பாலும் ஓ.டி.பி.யையும் தங்கள் செயலியையுமே நம்பியிருக்கின்றன. ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள் வேறு முறைகளுக்கும் இடம் தருகின்றன. எந்த முறை என்பதை முடிவு செய்ய வேண்டியது வங்கிதான்.

வாங்கும்போது உங்கள் கணினியிலும் செல்போனிலும் உள்ள துளைக்கு அது பொருந்துமா என்று முதலில் பாருங்கள். டைப்-சி செருகியும், செல்போனின் அருகே வைத்தாலே இணையும் என்.எஃப்.சி. வசதியும் சேர்ந்திருந்தால் பெரும்பாலான புதிய கருவிகளுக்குப் போதும். பயன்படுத்திய சாவியை வாங்க வேண்டாம். உறை பிரிக்காததை, நிறுவனம் அங்கீகரித்த விற்பனையாளரிடம் வாங்குங்கள். யூபிகீக்குள் இருந்து அதை இயக்கும் உள்நிரலைப் (ஃபர்ம்வேர்) பிறகு புதுப்பிக்க இயலாது என்பதால் பழைய கையிருப்பையும் தவிருங்கள். யூபிகீ 5 வரிசையில் 5.7க்கு முந்தைய உள்நிரல் கொண்டவற்றில் ஒரு குறை இருப்பது 2024 செப்டம்பரில் வெளியாயிற்று. அதைப் பயன்படுத்திக்கொள்ள, சாவியைக் கைப்பற்றிப் பிரித்து, விலை உயர்ந்த கருவிகளோடு இணைக்க வேண்டும் என்பதால் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் தூக்கி எறிய வேண்டியதில்லை. புதிதாக வாங்குபவர்கள் மட்டும் 5.7 அல்லது அதற்குப் பிந்தையதா என்று கேட்டு வாங்கலாம்.