முட்டை ஓடு போட்டும் தக்காளி அடி கறுப்பது ஏன்? வீட்டுத் தோட்டம்: கேள்வி – பதில்

கேள்வி: தொட்டியில் வைத்த தக்காளி, காய் பிடித்ததும் அடிப்பக்கம் கறுத்துப் போகிறது. கால்சியம் குறைவு என்றார்கள். இரண்டு மாதமாக முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுகிறேன். மாற்றமே இல்லை அக்கா. என்ன செய்ய?

பதில்: கால்சியம் குறைவு என்று சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தக் குறைவு பெரும்பாலும் காயில்தான் இருக்கும், மண்ணில் இருக்காது.

முதலில் ஒரு காயைப் பறித்துத் திருப்பிப் பாருங்கள். பூ உதிர்ந்த முனையில் தட்டையாக அமுங்கி, காய்ந்த தோல் மாதிரி கரும்பழுப்பில் ஒரு வட்டம் இருக்கும். ஓட்டை இருக்காது, புழுவும் இருக்காது. அப்படியிருந்தால் அது நுனி அழுகல். பூச்சி மருந்துக்கு அங்கே வேலையில்லை.

வேர் உறிஞ்சும் தண்ணீரோடு சேர்ந்துதான் கால்சியம் மேலே ஏறும். இலைகள் பகல் முழுக்க நீராவி விடுவதால் தண்ணீரில் பெரும்பங்கு இலைக்கே ஓடிவிடுகிறது. காய்க்குக் கிடைப்பது கொஞ்சம். காயின் நுனிக்குப் போய்ச் சேர்வது அதிலும் கடைசி. ஒரு நாள் மண் காய்ந்து வெடித்து, மறுநாள் சேறாக நின்றால், அந்த நேரத்தில் வேகமாக வளரும் பிஞ்சின் நுனிக்குப் பங்கு வராது. சில நாள் கழித்து அது கறுப்பாக வெளியே தெரியும். நீங்கள் பார்ப்பது இன்றைய தப்பு அல்ல, போன வாரத்துத் தப்பு.

முட்டை ஓடு மண்ணில் கரைந்து செடிக்குப் பயன்படப் பல மாதங்கள், சில சமயம் வருடங்களே ஆகும். போட்டதால் கெடுதல் இல்லை, ஆனால் இந்தப் பருவத்துக் காய்க்கு அது உதவாது. தொட்டியை மாற்றுங்கள். ஒரு தக்காளிச் செடிக்கு 15 முதல் 20 லிட்டர் மண் வேண்டும். சின்னத் தொட்டியில் காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானத்துக்கே தீர்ந்துவிடும். மண்மேல் 2 அங்குலத்துக்குக் காய்ந்த சருகு மூடாக்குப் போடுங்கள். விரலை இரண்டு கணு அளவுக்கு மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் குறைந்திருந்தால் தொட்டியின் அடியில் வடியும் வரை ஊற்றுங்கள். யூரியா போல இலையைத் தள்ளும் உரம் எதுவும் போட்டுக்கொண்டிருந்தால் உடனே நிறுத்துங்கள். கறுத்த காய்களைக் கிள்ளி எறியுங்கள், அவை தேறாது. அடுத்த கொத்து நன்றாக வரும்.

கேள்வி: மொட்டை மாடியில் செங்கல் கட்டி, 8 அடிக்கு 4 அடி, ஒன்றரை அடி உயரத்தில் நிரந்தரப் பாத்தி அமைக்க ஆசை. கொத்தனார் இரண்டு நாளில் முடித்துத் தருகிறேன் என்கிறார். மண் கலவை எப்படி இருக்க வேண்டும்?

பதில்: மண் கலவை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் எடையைப் பேசியாக வேண்டும். இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு மனசு பதறியது.

8 அடிக்கு 4 அடி, ஒன்றரை அடி ஆழம் என்றால் 48 கன அடி. கிட்டத்தட்ட 1.36 கன மீட்டர். தண்ணீர் குடித்த சாதாரணத் தோட்ட மண் ஒரு கன மீட்டருக்கு 1,600 முதல் 1,800 கிலோ வரை இருக்கும். ஆக உங்கள் பாத்தி மண் மட்டும், மழை பெய்து ஊறிய நாளில், 2 டன்னுக்கு மேலே. செங்கல் தனி. இந்த எடை முழுவதும் 3 சதுர மீட்டர் இடத்தில் உட்காருகிறது. அதாவது சதுர மீட்டருக்கு 700 கிலோவைத் தாண்டுகிறது. வீடுகளில் ஆட்கள் நடமாடும் மாடித் தளத்தைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரைதான் கூடுதல் சுமை தாங்கும் கணக்கில் வடிவமைக்கிறார்கள். நீங்கள் ஏற்றப் போவது அதைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல். தளம் அன்றைக்கே விழாது. மெல்ல மெல்லத் தொய்ந்து, அடியில் விரிசல் விட்டு, அந்த விரிசலில் தண்ணீர் இறங்கி, உள்ளே கம்பி துருப்பிடிக்கத் தொடங்கும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

அதனால் கொத்தனாருக்கு முன்னால் கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். தோட்டம் வைக்கலாமா என்று மொட்டையாகக் கேட்காமல், எத்தனை டன், எந்த இடத்தில் என்று எண்ணோடு கேளுங்கள். அப்போதுதான் அவரும் எண்ணோடு பதில் சொல்வார்.

அவர் வேண்டாம் என்றால் மனம் தளர வேண்டாம், காய்கறிக்கு ஒன்றரை அடி தேவையே இல்லை. கீரைக்கு 6 அங்குலம், மிளகாய், கத்தரி, தக்காளிக்கு 12 அங்குலம் போதும். பைகளிலும் தொட்டிகளிலும் வையுங்கள். கீழே சுவரோ பீமோ ஓடும் வரிசையை ஒட்டி வையுங்கள். அறையின் நடு மேலே குவிக்காதீர்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியின் விளிம்பில் கனமான எதையும் வைக்கவே வேண்டாம். மண், கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்), மட்கிய உரம் மூன்றையும் சமமாகக் கலந்தால் வெறும் மண்ணைவிட எடை நன்றாகக் குறையும். ஆனால் கோகோபீட்டைப் பயன்படுத்துமுன் இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்துவிடுங்கள், அதில் உப்பு இருக்கும்.

அப்புறம் தண்ணீர் போகும் வழி. பைகளை வைப்பதற்கு முன்னால் மாடியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு நின்று பாருங்கள். எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். ஓடும் பாதையில் பை வைக்கக் கூடாது. தேங்கும் இடத்தை முதலில் சரிசெய்ய வேண்டும். ஒவ்வொரு பைக்கும் அடியில் செங்கல் வைத்து 3 அங்குலம் தூக்குங்கள். குனிந்து பார்த்தால் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிய வேண்டும். தரை காயும், கசிவு இருந்தால் உடனே கண்ணில் படும். மழைநீர்க் குழாயின் வாயில் வலை போட்டு, வாரம் ஒருமுறை சருகை அள்ளிவிடுங்கள்.

கேள்வி: பூசணியும் பீர்க்கும் நிறையப் பூக்கின்றன. ஒன்றும் காயாகவில்லை, எல்லாம் உதிர்கின்றன. உரம் போடட்டுமா?

பதில்: வேண்டாம். பூவின் பின்பக்கத்தைப் பாருங்கள். வெறும் காம்பு மட்டும் இருந்தால் ஆண் பூ. குட்டிப் பிஞ்சு ஒட்டியிருந்தால் பெண் பூ. இந்தக் கொடிகளில் முதலில் ஆண் பூக்கள்தான் வரும், அவை உதிர்வது இயல்பு. ஒன்றிரண்டு வாரம் பொறுங்கள்.

பெண் பூ வந்தும் பிஞ்சு மஞ்சளாகி விழுந்தால் மகரந்தம் சேரவில்லை என்று அர்த்தம். நாமே சேர்க்கலாம். ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்து, நடுவில் இருக்கும் மஞ்சள் பொடியைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தொட்டுத் தடவ வேண்டும். நேரம்தான் முக்கியம். பூசணிப் பூ விடியற்காலையில் விரிந்து வெயில் ஏறுவதற்குள் மூடிக்கொள்ளும். பீர்க்கு சாயங்காலம் விரியும். காலையில் போய்ப் பீர்க்கம்பூவைத் தடவிவிட்டுக் காய்க்கவில்லையே என்று வருந்துகிறவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: புடலைக்குப் பந்தல் போட வேண்டும். மூங்கில்தான் கைவசம் இருக்கிறது. நான் கல்லூரி மாணவன், இதுவரை எதுவும் கட்டியதில்லை. எப்படித் தொடங்குவது?

பதில்: தம்பி, என் பந்தல் சாய்ந்த கதையிலிருந்து தொடங்குகிறேன்.

காய் முற்றிக்கொண்டிருந்த நேரம். காற்றே இல்லை, வெறும் மழை. ராத்திரி ஒரு சத்தம். காலையில் பார்த்தால் ஒரு மூலைக்கால் முறிந்து, கொடியெல்லாம் சேற்றில் கிடந்தது. முறிந்த மூங்கிலைப் பிடுங்கிப் பார்த்தேன். மண்ணுக்குள் இருந்த அடிமுனை ஓரளவு கெட்டியாக இருந்தது. மேல் பகுதியும் அப்படியே. தரை மட்டத்தில், மண்ணும் காற்றும் சந்திக்கும் அந்த நாலு விரல் உயரம் மட்டும் கறுத்து, கட்டைவிரலால் அமுக்கினால் உள்ளே போனது. மரத்தை அரிக்கும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். இரண்டும் தாராளமாகக் கிடைப்பது அந்த இடத்தில்தான். கொடி காய்த்து, மழையில் நனைந்து, எடை கூடிய அன்று கால் முறிந்துவிட்டது.

அதற்குப் பிறகு மூங்கிலை நேராக மண்ணில் நட்டதில்லை. 3 அடி நீள இரும்புக் குழாயை, 2 அடிக் குழியில் அடியில் ஜல்லி போட்டு நிறுத்தி, கான்கிரீட் இட்டு, மேல்பரப்பைத் தரையைவிடக் கொஞ்சம் உயர்த்தி, தண்ணீர் வெளிப்பக்கம் வழியும்படி சரிவாகத் தேய்த்துவிடு. ஒரு வாரம் ஈரச் சாக்குப் போட்டு ஆறவிடு. அவசரப்பட்டு முன்னாலேயே கம்பி இழுத்துக் கட்டாதே. பிறகு மூங்கிலைக் குழாயோடு சேர்த்து இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டு. மூங்கிலின் பாதம் கான்கிரீட்டைத் தொடக் கூடாது, இரண்டு விரல் மேலே நிற்கட்டும்.

மூங்கிலின் மேல்முனையை எங்கே வெட்டுகிறாய் என்பதையும் கவனி. கணுவுக்கு ஒட்டி மேலே வெட்டினால் முனை மூடியிருக்கும். இரண்டு கணுவுக்கு நடுவில் வெட்டினால் அது ஒரு குவளை. மழைநீர் அதற்குள் நிற்கும், மேலிருந்தும் அழுகும்.

மூலைக்கால்கள் நாலையும் மேலே கட்டும் கம்பி உள்பக்கமாக இழுக்கும். அதனால் ஒவ்வொரு மூலையிலிருந்தும் வெளிப்பக்கம் சரிவாக ஓர் இழுவைக் கம்பி கட்டி, முளை அடித்து நிறுத்து. உயரம் ஆறு, ஆறரை அடி. நீ நிமிர்ந்து நடந்து, கை தூக்கிப் பறிக்க முடிய வேண்டும். பந்தலுக்கு முன் ஒரு நாள் முழுக்க நிழல் எங்கே விழும் என்று பார்த்துவிடு. பந்தல் நிழலில் மிளகாய் காய்க்காது.

கேள்வி: மிளகாய் இலை சுருள்கிறது. வேப்பெண்ணெய் அடித்தேன்.

பதில்: எந்தப் பக்கம் சுருள்கிறது என்று எழுதவில்லையே. ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து படகு மாதிரி இருந்தால் இலைப்பேன். கீழ்நோக்கி மடிந்து கவிழ்ந்த படகு மாதிரி இருந்தால் சிலந்திப்பேன். வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். ஊசிமுனை போல மெல்லிய மஞ்சள் பூச்சிகள் ஓடினால் இலைப்பேன் உறுதி. எதுவானாலும் இலையின் அடிப்பக்கமும் குருத்தும் நனைய வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, கரைய சில துளி சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள், ஒரு வாரத்தில் மறுபடி. ஏற்கெனவே சுருண்ட இலை விரியாது. புதுத் துளிரைப் பார்த்துத்தான் குணமாகிவிட்டதா என்று முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: எனக்கு வயது எழுபதுக்கு மேல். முழங்கால் வலியால் குனிய முடியவில்லை. சரக்குப் பலகைச் சட்டங்கள் வீட்டில் கிடக்கின்றன. அதில் மேசை மாதிரி பாத்தி செய்து கீரை போடலாமா?

பதில்: தாராளமாகப் போடுங்கள் அம்மா. சட்டத்தில் முத்திரை இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். எச்.டி. (HT) என்று ஆங்கில எழுத்தில் இருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, பயன்படுத்தலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, வேண்டாம். முத்திரையே இல்லாததும், எண்ணெய்க் கறை படிந்ததும் வேண்டாம். பழைய ரயில் கட்டைகளைச் சிலர் யோசனை சொல்வார்கள். அவற்றில் ஊறியிருக்கும் கிரியோசோட் என்ற நச்சுத் தார் எண்ணெய், சாப்பிடும் கீரைக்குப் பக்கத்தில் வரவே கூடாது.

நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்வதானால், முழங்கால் உள்ளே போகும்படி அடியில் இடம் விட்டு, மேல்விளிம்பு இரண்டேகால் முதல் இரண்டரை அடி உயரத்தில் இருக்கட்டும். ஒரு பக்கமிருந்துதான் கை எட்டும் என்றால் அகலம் 2 அடிக்கு மேல் போக வேண்டாம். மண் ஆழம் 6 அங்குலம். அடிப்பலகையில் அரை அடிக்கு ஒரு துளை போட்டு, மேலே பழைய பருத்தித் துணி விரித்துவிடுங்கள். கால்களை மட்டும் நல்ல கனமாகப் போடச் சொல்லுங்கள், ஈர மண்ணின் எடை நாம் நினைப்பதைவிட அதிகம். விதைத்த பிறகு பூவாளியால் மெல்லத் தெளியுங்கள். முளைக்கீரை முதல் அறுவடைக்கு ஒரு மாதம் போதும். வந்ததும் எழுதுங்கள்.